பிடித்த மீன் குப்பைக்குப் போகாதிருக்க: ஒன்ராறியோவில் தூண்டில் போடத் தொடங்குபவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வாங்குவது கால் மணி நேர வேலை. பிடித்த மீனைப் பழுதாக்காமல் சட்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குப் பல பருவங்கள் போயின. எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பது ஓர் அமைச்சின் கையேட்டில் இருக்கிறது. எத்தனை சாப்பிடலாம் என்பது வேறோர் அமைச்சின் அட்டவணையில் இருக்கிறது. மீனை எப்படிப் பொதி செய்து காரில் ஏற்றவேண்டும் என்பது யாரும் வாசிக்காத ஒரு பந்தியில் ஒளிந்திருக்கிறது. மற்றதெல்லாம் ஏரிக்கரை அண்ணன்மாரின் வாய்மொழி. அதில் பாதி பிழை.

கரைகளில் நடப்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் போர்ட் ஹோப் நகரின் கனராஸ்கா ஆற்றோரம், வயிறு கிழித்து முட்டையை மட்டும் எடுத்துவிட்டு எறிந்த சால்மன்கள் கிடக்கும். ரைஸ் ஏரியின் படகுத்துறையில் 'இது சின்னது' என்று வீசப்பட்ட சன்ஃபிஷ் வெயிலில் காயும். கண்ணில் படாத வீணடிப்பு இன்னும் பெரியது: கோடையில் பிடித்து, அடுத்த கோடையில் இடம் வேண்டுமென்று ஃப்ரீசரிலிருந்து அள்ளிக் கொட்டப்படும் மீன்.

இது மனச்சாட்சியோடு முடிகிற விவகாரம் அல்ல. ஒன்ராறியோவில், உணவுக்கு ஏற்ற மீனைப் பிடித்து எறிந்துவிட்டுப் போவதும் அதைப் பழுதாக விடுவதும் குற்றம். 1997ஆம் ஆண்டின் மீன், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிநபருக்கான உச்சத் தண்டம் 25,000 டொலர். ஓராண்டுவரை சிறையும் உண்டு.

1. தூண்டிலுக்கு முன் சட்டியைத் தீர்மானியுங்கள்

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும். யார் சாப்பிடப் போகிறார்கள்? எப்போது சாப்பிடப் போகிறார்கள்? யார் வெட்டப் போகிறார்கள்?

முதற்கேள்வியை எல்லோரும் யோசிப்பார்கள். இரண்டாவதில்தான் நம்மவர்கள் வழுக்குவது. நாட்காட்டியைப் பாருங்கள். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி. சால்மன் ஆறேறும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் புரட்டாசிச் சனியும் நவராத்திரியும் வந்து நிற்கும், பின்னால் கந்தசஷ்டி. கோயில் கொடியேறிவிட்டால் வேறு பேச்சே இல்லை. ஐந்து கிலோ சால்மனோடு வீட்டுக்குள் நுழைந்து, 'இன்றைக்கு இதை அடுப்பில் வைக்க முடியாது' என்று கேட்டு, அதை முழுதாக ஃப்ரீசருக்குள் திணிப்பதுதான் குப்பைத்தொட்டிக்கான முதற்படி.

மூன்றாவது கேள்வி வெறும் கணக்கு. சிம்கோ ஏரியில் பெர்ச் மீன் முழு அனுமதிக்கு ஒரு நாளைக்கு 50 வரை வைத்திருக்கலாம். பழகாத கைக்கு ஒரு பெர்ச்சைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, கழுவி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். ஐம்பதுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பனிக்கட்டி மேல் நாள் முழுக்க விறைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, சமையலறைத் தொட்டியில் நான்கு மணி நேரம் நிற்பீர்களா? நிற்கமாட்டீர்கள். பதினைந்தோடு தூண்டிலைச் சுருட்டுங்கள். சட்டம் சொல்லும் எண் உச்சவரம்பு. அதை எட்டியே தீரவேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

2. அட்டை, அனுமதி, செலவு

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிகளுக்கு இரண்டு ஆவணங்கள் வேண்டும். முதலாவது 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டை. இதன் கட்டணம் 8.57 டொலர், மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இரண்டாவது மீன்பிடி அனுமதி. இதில் இரண்டு வகை உண்டு: முழு எண்ணிக்கை தரும் ஸ்போர்ட் அனுமதி ஓராண்டுக்கு 26.57 டொலர், குறைந்த எண்ணிக்கை தரும் கொன்சர்வேஷன் அனுமதி 15.07 டொலர். எல்லாவற்றுக்கும் வரி தனி. ஒருநாள் அனுமதி 12.21 டொலர், அதற்கு அட்டை தேவையில்லை. கட்டணம் மாறக்கூடும் என்பதால் வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் அனுமதிச் சுருக்கம் உடனே கையில் கிடைக்கும். அதைக் கைபேசியிலோ தாளிலோ கொண்டுபோகலாம். அட்டை பிறகு தபாலில் வரும்.

புதிதாகத் தொடங்குபவர் கொன்சர்வேஷன் அனுமதியை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான வலயங்களில் பாஸ் மீன் ஸ்போர்ட் அனுமதிக்கு ஆறு, கொன்சர்வேஷனுக்கு இரண்டு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பாஸ் ஒரு நல்ல குழம்பு. ஆறு பாஸ் ஒரு தலைவலி.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

கனடாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் ஒன்ராறியோவாசிக் கட்டணத்தில் வாங்க முடியாது. கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். வந்த முதற்கோடையில் நண்பர் கூப்பிட்டார் என்று அவசரப்பட்டு, பொருந்தாத வகையில் அனுமதி எடுக்காதீர்கள்.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதி வேண்டாம், அரசு அடையாள அட்டை போதும் என்பது கனடாவாசிகளுக்கான சலுகை. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ மூன்று மாதம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பாவுக்கு அது பொருந்தாது. அவர் கையில் தூண்டிலைக் கொடுக்குமுன் வெளிநாட்டவருக்கான அனுமதி எடுத்துவிடுங்கள்.

ஓராண்டு அனுமதி ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரைதான். ஒக்டோபரில் வாங்கினால் மூன்று மாதம்கூட வராது.

காசு செலவழிக்காமல் முயன்று பார்க்க விரும்பினால், அனுமதிப்பத்திரமின்றி மீன்பிடிக்கக்கூடிய நாட்கள் ஆண்டில் சில உண்டு: பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதத்தில் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, ஜூலை தொடக்கத்தில் கனடா தினத்தை ஒட்டிய வாரம். கனடாவாசி என்பதற்கான அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கவேண்டும். அந்நாட்களில் கொன்சர்வேஷன் எண்ணிக்கைதான் செல்லுபடியாகும்.

3. ஃப்ரீசரில் இருப்பதும் கணக்கில் சேரும்

மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாம் அதிகம் போகும் இடங்களில் சிம்கோ ஏரி 16ஆம் வலயம், ரைஸ் ஏரியும் கவார்த்தா ஏரிகளும் 17, ஒன்ராறியோ ஏரியும் குவின்ரே குடாவும் 20. பருவம், எண்ணிக்கை, நீள அளவு எல்லாம் வலயத்துக்கு வலயம் மாறும். அவ்வாண்டுக்கான விதிச் சுருக்கத்தில் உங்கள் வலயத்தின் பக்கங்களைக் கைபேசியில் சேமித்துவையுங்கள். பல கரைகளில் இணையத் தொடர்பு கிடைக்காது.

ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணிக்கை ஒன்று. உங்கள் உடைமையில் மொத்தமாக இருக்கக்கூடிய எண்ணிக்கை இன்னொன்று. வேறாகக் குறிப்பிடாதவரை இரண்டும் ஒரே எண்தான். காரில் இருப்பது, கூலரில் இருப்பது, வீட்டு ஃப்ரீசரில் இருப்பது எல்லாம் இரண்டாவது கணக்கில் சேரும். சனிக்கிழமை ஆறு பாஸ் கொண்டுவந்து உறையவைத்துவிட்டு, அதில் ஒன்றையும் சமைக்காமல் ஞாயிறும் போய் ஆறு கொண்டுவந்தால் நீங்கள் வரம்பை மீறிவிட்டீர்கள். 'ஒரு நாளைக்கு ஆறு, இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு' என்று கரையில் சொல்பவரை நம்பவேண்டாம். இந்த விதி எனக்குப் பிடித்த விதி. பழையதைச் சாப்பிட்டு முடித்தால்தான் புதியதைக் கொண்டுவரலாம் என்கிறது. என் அம்மம்மாவும் இதைத்தான் சொல்வார்.

பிடித்த மீனை அங்கேயே பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டாலும் அது உங்கள் அன்றைய கணக்கில்தான் இருக்கும். கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்ட மீனும் அப்படியே. பெரியது கிடைத்ததும் கயிற்றிலிருந்த சிறியதை அவிழ்த்துவிட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டும் வழக்கம் சட்டப்படியும் பிழை, மீனுக்கும் கேடு. இரண்டு மணி நேரம் செவுளில் கயிறு ஓடிய மீன் நீந்திப் போவதைப் போலத் தெரியும். அதிக தூரம் போகாது.

4. எந்த மீன் சட்டிக்கு, எந்த மீன் ஏரிக்கு

'ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி' என்று மாகாண அரசு வெளியிடும் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஏரியின் பெயர், மீனின் இனம், நீளம் மூன்றையும் பார்த்தால், அந்த மீனை மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்ற எண் கிடைக்கும். ஒரு வேளை என்பது வளர்ந்தவருக்கு 227 கிராம். கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எண்கள் தனி. பல இடங்களில் அவை பூச்சியம்.

இதை மீனைக் கொல்வதற்கு முன் பார்க்கவேண்டும். கொன்று, வெட்டி, உறையவைத்த பிறகு யாராவது பாதரசம் பற்றிச் சொல்ல, வீட்டில் ஒருவரும் தொடாமல் எல்லாம் குப்பைக்குப் போன கதைகள் ஏராளம். ஒரே ஏரியில் ஒரே இனத்தில், வயது கூடிய பெரிய மீனில் பாதரசம் அதிகம். அது தசையில் இருப்பதால் எவ்வளவு சமைத்தாலும் போகாது. பிசிபி போன்ற நச்சுகள் கொழுப்பில் தங்குபவை. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி அகற்றினால் குறையும். அதனால் என் வழக்கம் இது: நடுத்தர அளவு மீன் சட்டிக்கு, பெரியது ஏரிக்கு. பெரிய பெண் மீன்தான் அதிக முட்டை இடுவதும்.

சால்மனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒன்ராறியோ ஏரியின் சினூக் சால்மன் ஆறேறத் தொடங்கியதும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடற்கொழுப்பை எரித்துத்தான் மேலே போகும். மேலே போகப் போக வெள்ளிநிறம் கறுக்கும், சதை வெளிறிக் குழையும். அந்த மீனைக் கொண்டுவந்து என்ன தாளித்தாலும் வாயில் வைக்க முடியாது. முட்டையிட்டதும் அது எப்படியும் இறந்துவிடும், எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அது முட்டையிட்டு இறப்பதற்கும், வயிறு கிழிபட்டுக் கரையில் நாறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆற்றில் அழுகும் உடல் அந்த ஆற்று உயிர்களுக்கு உணவாகிறது. சால்மன் சாப்பிட ஆசையென்றால் கோடை முடிவில், ஆறேறுவதற்கு முன், துறைமுகச் சுவர்களிலிருந்து வெள்ளிநிற மீனுக்குத் தூண்டில் போடுங்கள். வாயில் அல்லாமல் வயிற்றிலோ முதுகிலோ முள் மாட்டினால் உடனே விட்டுவிடவேண்டும் என்பதும் சட்டம்.

இனி, 'குப்பை மீன்' என்று கரையில் எறியப்படுபவை: கெண்டை, டிரம், மட்கேட் என்ற பழுப்புக் கெளுத்தி. பிடிக்காவிட்டால் தண்ணீரில் விடுங்கள், கரையில் எறியாதீர்கள். உண்மையில் கெளுத்தியைத் தோலுரித்துப் புளி கரைத்து வைத்தால் வால்ஐ (walleye) என்ற மீனைத் தேடமாட்டீர்கள். ஆனால் ஒரு விலக்கு: வட்டத்தலைக் கோபி (round goby) என்ற சிறிய ஆக்கிரமிப்பு மீன். அதை உயிரோடு வைத்திருக்கக்கூடாது, தண்ணீரில் திரும்ப விடவும் கூடாது. கொன்று குப்பையில் போடுங்கள்.

5. விடுவதென்றால் பிழைக்கும்படி விடுங்கள்

பிடித்துவிட்டு விடுபவர்களுக்குத் தாங்கள் எதையும் வீணாக்கவில்லை என்று ஒரு நம்பிக்கை. விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. கரையை விட்டுப் போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். உலர்ந்த மணலிலும் படகுத்தளத்திலும் புரட்டாதீர்கள். வழுவழுப்புப் பூச்சு உரிந்தால் நோய் பிடிக்கும். தொண்டைக்குள் முள் இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள். நூலை வாயருகே வெட்டிவிட்டு விடுவது அதற்கு நல்லது. மண்புழுவை இரையாகப் போட்டுவிட்டுத் தூண்டிலைக் கரையில் ஊன்றி அரட்டை அடிப்பவர்களுக்குத்தான் இந்த ஆழ்விழுங்கல் அதிகம் நேரும். நூலைக் கையில் பிடித்திருங்கள்.

ஆழம் இன்னொரு சிக்கல். பத்து மீற்றருக்குக் கீழிருந்து விரைவாக இழுக்கப்பட்ட பெர்ச்சுக்கும் வால்ஐக்கும் காற்றுப்பை ஊதி, சில சமயம் இரைப்பை வாய்வழி வந்துவிடும். லேக் ட்ரவுட் என்ற மீன் காற்றை வாய்வழி வெளியேற்றிக்கொள்ளும், பெர்ச்சாலும் வால்ஐயாலும் அது முடியாது. ஆகவே ஆழத்தில் 'பிடித்து விடும்' விளையாட்டு வேண்டாம். தேவையானதைப் பிடித்ததும் நிறுத்துங்கள், அல்லது ஆழம் குறைந்த இடத்துக்கு மாறுங்கள். கடுங்கோடையில் நீர் 20 பாகையைத் தாண்டினால் ட்ரவுட்டை விட்டுவையுங்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் மீனைப் போட்டுப் படம் எடுப்பவர்கள், அதன் கண்ணும் செவுளும் சில நொடிகளில் உறைவதை நினைக்கவேண்டும்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. பருவம் திறக்காத மீன், அளவுக்குட்படாத மீன் ஆகியவை இரத்தம் கக்கிச் சாகப் போகிறது என்று தெரிந்தாலும் விட்டே ஆகவேண்டும். 'எப்படியும் சாகும், வீணாக்காமல் கொண்டுபோகிறேன்' என்ற நியாயம் அதிகாரியிடம் எடுபடாது. எடுபட்டால் எல்லோர் கூலரிலும் சாகக் கிடந்த மீன்தான் இருக்கும். அப்படி இரண்டு மூன்று நேர்ந்தால் அந்த இடத்தையோ முள்ளின் அளவையோ மாற்றுங்கள்.

6. கொன்ற கணத்திலிருந்து குளிர்

ஐஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். பெற்றோல் நிலையத்தில் ஒரு பை நான்கைந்து டொலர். கோடையில் மீனின் எடைக்குக் குறையாத அளவு ஐஸ் வேண்டும். மளிகைக் கடைப் பையில் மீனைக் கட்டிக் காரின் பின்பெட்டியில் வைப்பது, இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் மூச்சுத்திணற விடுவது, இரண்டுமே மீனைக் கரையிலேயே கெடுக்கும் வழிகள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானதும் தலையில் ஓங்கி ஓர் அடி. உடனே செவுளடியை வெட்டி, இரத்தம் வடியவிட்டு, ஐஸுக்குள் புதைத்துவிடுங்கள். துடித்துத் துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் குழையும். உருகும் நீரில் மீன் ஊறாதபடி கூலரின் வடிகுழாயைத் திறந்துவையுங்கள்.

7. வெட்டுதல், பொதி, உறைவித்தல்

காரில் கொண்டுபோகும்போது அதிகாரி நிறுத்தினால், இனம் எது, எத்தனை மீன் என்று அவர் பார்த்த உடனே அறியவேண்டும். துண்டு போட்டுக் கொண்டுபோவதானால் ஒவ்வொரு துண்டிலும் பெரிய தோல் பகுதியை விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக உறையவைக்காதீர்கள். தட்டையாக, தனித்தனியாக, தெளிவான பைகளில் அடுக்குங்கள். நீள அளவு விதியுள்ள மீனைப் படகிலோ கரையிலோ வெட்டாமல் முழுதாகக் கொண்டுபோவதே பாதுகாப்பு. நானாக இருந்தால் குடலை மட்டும் எடுத்து, தலையும் வாலும் தோலுமாகக் கொண்டுவருவேன். விதியும் காப்பாற்றப்படும், தலைக்கறியும் கிடைக்கும்.

உயிருள்ள மீனை வாளித் தண்ணீரில் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. புத்தம் புதிதாக இருக்கட்டும் என்று செய்பவர்கள் உண்டு. அதற்கு அனுமதி கிடையாது.

வெட்டும்போது பலரை அச்சுறுத்துவது சதையில் தெரியும் கரும்புள்ளிகளும், அரிசி அளவான மஞ்சள் புழுக்களும். பெர்ச், பாஸ், சன்ஃபிஷ் மீன்களில் இவை சர்வசாதாரணம். இதைப் பார்த்ததும் பை முழுவதையும் குப்பையில் கொட்டிவிடுவார்கள். தேவையே இல்லை. இவ்வொட்டுண்ணிகள் நன்றாக வேகவைத்தால் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. கத்திமுனையால் எடுத்துவிட்டுப் பொரியுங்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மட்டும் உண்ணாதீர்கள்.

மேலைநாட்டு முறையில் இரு பக்கச் சதையை மட்டும் சீவி எடுத்தால் மீனின் பாதிக்கு மேல் மிச்சமாகிவிடும். நமக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். வால்ஐயின் தலையும் முள்ளும் சொதிக்கு அருமை. கையளவு சன்ஃபிஷ்ஷைக் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி முழுதாக மொறுமொறுவென்று பொரித்தால் முள் ஒரு பிரச்சினையே இல்லை. கோடை மீனின் சேற்று வாடைக்கு எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் பூசி அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்கள்.

உறையவைப்பதென்றால் பையில் காற்று இருக்கக்கூடாது. ஒரு வேளைக்கு ஒரு பை; இனம், எண்ணிக்கை, திகதி மேலே எழுதியிருக்கவேண்டும். பெர்ச், வால்ஐ போன்ற கொழுப்புக் குறைந்தவை ஆறு மாதம் தாங்கும். சால்மன், ட்ரவுட் போன்றவை இரண்டு மாதத்துக்குப் பின் எண்ணெய் நாற்றம் பிடிக்கும். கந்தசஷ்டிக்கு முன் உறையவைத்த சால்மனைத் தைப்பொங்கல் நெருங்குமுன் தீர்த்துவிடுங்கள்.

8. கொடுக்கலாம், விற்கக்கூடாது

மீனைக் கொடுப்பதற்குக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, செதிலோடு நான்கு மீனைக் கையில் திணித்தால், அது அவர் வீட்டுக் குப்பைக்குப் போகும். உங்கள் மனது மட்டும் நிறைந்திருக்கும். சுத்தம் செய்து, மறுநாள் மதியத்துக்குள் கொடுங்கள். வாங்குபவரின் உடைமை எண்ணிக்கையில் அது சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

காசு வாங்காதீர்கள். பெற்றோல் செலவுக்கு என்றாலும், பதிலுக்கு ஒரு பை அரிசி என்றாலும், அது விற்பனை, பண்டமாற்று. பொழுதுபோக்காகப் பிடித்த மீனுக்கு இரண்டுமே தடை.

9. மிச்சத்தை எங்கே போடுவது

குடலையும் செதிலையும் கரையிலோ தண்ணீரிலோ எறியாமல் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய உயிர் இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டக்கூடாது. ரொறன்ரோ நகரின் பச்சைத் தொட்டி மீன்கழிவையும் முள்ளையும் ஏற்கும். கோடையில் சேகரிக்கும் நாள்வரை வெளியே வைத்தால் ரக்கூன்கள் கூடிவிடும். கழிவுப்பையை ஃப்ரீசரின் ஓரத்தில் வைத்துவிட்டு, வண்டி வரும் காலையில் தொட்டியில் போடுங்கள். பைக்கு மேல் 'கழிவு' என்று எழுத மறக்கவேண்டாம்.

கரையில் யாராவது மீனைக் குவியலாக எறிந்துவிட்டுப் போவதைக் கண்டால் வாக்குவாதத்தில் இறங்காமல், இடம், நேரம், வாகன இலக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1-877-847-7667 என்ற இயற்கைவள அமைச்சின் இலக்கத்துக்கு அழையுங்கள்.